நட்சத்திரம் கட்டிய பதினேழு நாட்கள்

பிப்ரவரி 9, ஞாயிறு

என் கணவர் பூபதிக்குக் கம்பெனியில் கொடுத்த டைரி இது. ஜனவரி முதல் தேதியில் ‘வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அதோடு அவருடைய எழுத்துப் பணி முடிந்தது. மீதிப் பக்கங்கள் எனக்கு.

பெங்களூர் அணி வருவது உறுதியாகிவிட்டது. மார்ச் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை. முதல் முறையாக வெளியூர்க்காரிகள் நம் கோயமுத்தூருக்கு வந்து ஆடப்போகிறார்கள். அதுவரை எல்லாரும் தினம் எழுத வேண்டும் என்று ஜெசிந்தா அக்கா சொல்லிவிட்டார். என்ன சாப்பிட்டோம், எத்தனை சுற்று ஓடினோம், எங்கே வலி, எல்லாம். அக்கா எங்கள் கேப்டன். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். எங்கள் பத்து பேரையும் ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். சட்டை முதுகில் ஆளுக்கொரு பட்டப்பெயர் போட்டுக்கொள்வது இந்த ஆட்டத்தின் வழக்கம். அக்கா முதுகில் ‘எச்.எம்.’ என்று இருக்கும்.

கிளம்பும்போது கீழ்வீட்டு அம்மா பையைப் பார்த்துவிட்டு, “ஏனுங் கண்ணு, இந்த வெளையாட்டுல பந்து எங்கீங்?” என்று கேட்டார். இரண்டு வருடமாகக் கேட்கிறார். பந்தே கிடையாது என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். நாங்களேதான் பந்து. முட்டை வடிவத்தில் ஒரு பாதை. ஒவ்வொரு காலிலும் நான்கு சக்கரம் வைத்த ஸ்கேட்ஸ். ஒரு நேரத்தில் அணிக்கு ஐந்து பேர். நான்கு பேர் கூட்டமாக ஓடி எதிராளியை மறிப்பார்கள். ஐந்தாவது ஆளின் தலைக்கவசத்தின் மேல் நட்சத்திரம் போட்ட உறை. அவள் எதிரணிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போக வேண்டும். சுற்றி வந்து மறுபடி புகுந்து எத்தனை பேரைத் தாண்டுகிறாளோ அத்தனை புள்ளி. தோளால் இடிக்கலாம், இடுப்பால் இடிக்கலாம். முதுகில் மட்டும் இடிக்கக் கூடாது.

அந்த நட்சத்திரம் இரண்டு வருடமாக என்னுடையது.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை 20 சுற்று. இரண்டு முட்டை, ஒரு கோப்பை சத்துமாவு. வலி: வலது முட்டி, எப்போதும் போல.

அலுவலகத்தில் இன்று நாற்பத்தொரு அழைப்பு. கிரைண்டர் சுற்றவில்லை, கிரைண்டர் கத்துகிறது, கிரைண்டர் ஷாக் அடிக்கிறது. ஒவ்வொருவரிடமும் “சிரமத்துக்கு மன்னிக்கவும்” என்று சொன்னேன். நான் செய்யாத கிரைண்டருக்கு நாற்பத்தொரு மன்னிப்பு. நாங்கள் பயிற்சி செய்யும் பழைய மில் குடோனில் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். என் சட்டை முதுகில் ‘கிரைண்டர்’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். இதில் எனக்குப் பெருமைதான்.

ரிஸ்வானா தேங்காய் பன் கொண்டுவந்திருந்தாள். உக்கடத்தில் ஒரு பேக்கரியில் பில் போடும் பெண். இருபத்திரண்டு வயது. அணிக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. பயிற்சி முடிந்ததும் அக்கா அவளிடம் நட்சத்திர உறையைக் கொடுத்து, “சும்மா ஒரு ரவுண்டு போட்டுப் பாரு” என்றார். போட்டாள். வேகம் இருக்கிறது. நிதானம் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா மட்டும் “பாத்தியா கோகிலா, எப்படி பூந்து வர்றா” என்றார். பார்த்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

சீக்கிரமே போய்விட்டேன். ஐந்தே முக்கால் இருக்கும். குடோனில் ரிஸ்வானா மட்டும்தான் இருந்தாள். மூலையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சக்கரத்தை முடுக்கிக்கொண்டிருந்தாள். நான் உடம்பு சூடாக இரண்டு சுற்று போனேன். மூன்றாவது சுற்றில், வளைவில், தரையில் பழைய ஆயில். கால் முன்னால் போனது, நான் பின்னால் போனேன். தலைக்கவசம் தரையில் பட்டு ‘டொக்’ என்றது. அவ்வளவுதான். மில் மூடிப் பதினைந்து வருடம் ஆகிறது, இன்னும் தரை ஆயில் கக்குகிறது.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பாட்டிலைப் பையிலிருந்து எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. எல்லாரும் வந்துவிட்டார்கள். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அரை மணி நேரம் ஆளாளுக்கு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டிருப்பார்கள்.

சுற்று: பதினெட்டு. வலி: இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

தலை லேசாகக் கனக்கிறது. காபி குடிக்காததால்.

ஒரு வாடிக்கையாளர், திருப்பூர்க்காரர், “ஏனுங்க மேடம், இதையே மூணாந் தடவ கேக்கறீங்க, எழுதிக்கறீங்களா இல்லீங்களா?” என்று சத்தம் போட்டார். ஹெட்போன் சரியில்லை. மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அணியில் பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது. ஞாயிறுதோறும் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து, “இந்த வாரம் யாருக்காவது தலையில அடி பட்டுச்சா?” என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். பட்டிருந்தால் மூன்று வாரம் சக்கரம் கட்டக் கூடாது. நான் எழுதிய விதிதான். நவம்பரில் ரிஸ்வானா விழுந்தபோது அவளை உட்கார வைத்தேன். மைசூர் ஆட்டத்துக்குப் போக முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எனக்கு ஒன்னுமில்லீங்க்கா, நல்லாத்தான் இருக்கேன்” என்று கெஞ்சினாள். நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொல்கிறவர்களைத்தான் முதலில் உட்கார வைக்க வேண்டும் என்று அன்று பெரிய பேச்சே பேசினேன்.

இன்றும் கேட்டேன். எல்லாரும் இல்லை என்றார்கள். ரிஸ்வானா மட்டும், “எனக்கு இல்லீங்க்கா” என்றாள். ‘எனக்கு’ என்பதில் ஒரு அழுத்தம். கேட்கிறவளை யாரும் கேட்பதில்லை, அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லை. வளைவில் கால் வழுக்கியதை எல்லாம் அடி என்று எழுதினால் பாதுகாப்பு நோட்டு தீர்ந்துபோகும்.

ஐந்து நிமிடத்தில் இருபத்தேழு சுற்று ஓடினேன். அக்கா இருபத்தைந்து என்கிறார்.

“இருவத்தேழுக்கா. நான் எண்ணிட்டேதான் வந்தேன்.”

“பொய் சொல்ல எனக்கென்ன வேண்டுதலா? கையில விசில், கழுத்துல வாட்ச். இருவத்தஞ்சுதான் கோகிலா.”

அக்காவுக்கும் நாற்பத்தொன்று ஆகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும்.

மூன்று வாரம் என்றால் மார்ச் ஆறு. ஆட்டம் மார்ச் இரண்டு. சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ரசத்தில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது. பூபதி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது. தட்டைக் கழுவும்போது வேண்டுமென்றே சத்தம் வரக் கழுவினேன். அந்தச் சத்தம் எனக்கே தாங்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

படுக்கையறையில் வெளிச்சம் அதிகம். திரை வாங்க வேண்டும்.

பிப்ரவரி 19, புதன்

காந்திபுரத்தில் திரை வாங்கினேன். அடர் நீலம், இரண்டு. பொள்ளாச்சிக்குப் போக வேண்டிய மெக்கானிக்கைப் பல்லடத்துக்கு அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டார். இரண்டு ஊருக்கும் ‘ப’தானே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 20, புதன். இல்லை, வியாழன்

இன்று எதிலும் நிற்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் உட்கார வேண்டும். டிவி போட்டேன், அணைத்தேன். துணி மடிக்கத் தொடங்கி பாதியில் பால்கனிக்குப் போய், எதற்கு வந்தேன் என்று நின்றேன். ஆட்டம் நெருங்கினால் எனக்கு எப்போதும் இப்படித்தான். நரம்பு முறுக்கேறிவிடும். இது நல்ல அறிகுறி என்று அக்காவே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

பயிற்சியில் ரிஸ்வானா தொல்லை. அவள் வெளிக்கோட்டுப் பக்கம் நிற்க வேண்டியவள். நான் கூட்டத்துக்குள் புகும்போதெல்லாம் உள்பக்கம் வந்து என்னை ஒட்டியே ஓடுகிறாள். இரண்டு முறை என் வழியிலேயே வந்தாள். “உன் எடத்துல நில்லு” என்று கத்தினேன். “சரிங்க்கா” என்றாள். மூன்றாவது முறையும் வந்தாள்.

பழகுகிறாளாம். என்னை ஒட்டியே ஓடி, நான் எப்படிப் புகுகிறேன் என்று பார்த்துக்கொள்கிறாள். எனக்கு என்ன, கண் இல்லையா?

படுக்கையறையில் வெளிச்சம் அதிகம். திரை வாங்க வேண்டும்.

பிப்ரவரி 22, சனி

பூபதி கேட்கிறார்: “எதுக்கு கோகிலா ரெண்டு செட்டுத் திரை?”

“ஒன்னு தொவைக்கப் போட்டா இன்னொன்னு வேணும்ல?”

“ரெண்டும் ஒரே நீலம். ஒரே கட பில்லு.”

“புடிச்சுது, வாங்கினேன். உங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டு வாங்கணுமா?”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லேத் முன்னால் நின்று நின்று அவருக்கு எதையும் அளவு எடுப்பது போலப் பார்க்கிற வழக்கம். “டாக்டர்கிட்ட ஒருக்கா போய்ட்டு வரலாமா?” என்றார். எதற்கு என்றேன். “சும்மா” என்றார். சும்மா யாராவது டாக்டரிடம் போவார்களா?

மார்ச் மூன்றாம் தேதி போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வட்டமாக நிற்க வைத்துக் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை. இந்த முறை ரிஸ்வானா பதில் சொல்லாமல் கீழே பார்த்தாள். நான் அடுத்த ஆளிடம் போய்விட்டேன்.

முடிந்ததும் ஸ்கூட்டி நிறுத்துமிடத்தில் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

“அக்கா, அந்த விசயத்த ஜெசிந்தாக்காகிட்ட சொல்லிரலாங்க்கா.”

“எந்த விசயம்?”

அவள் என் முகத்தையே பார்த்தாள். வெயில் அவள் பின்னால் இருந்து கண்ணில் அடித்தது. எனக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

“நெசமாவே தெரியலீங்களா?”

“சுத்தி வளைக்காம சொல்லு ரிஸ்வானா. நட்சத்திரம் கட்டணும்னா நேரா அக்காட்டயே கேளு. எங்கிட்ட எதுக்கு ரெகமண்டேஷன்?”

அவள் முகம் சுருங்கிப் போனது. “ஒன்னுமில்லீங்க்கா” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். ஆனால் பொய் ஒன்றும் பேசவில்லை.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. பூபதி குலதெய்வம் கோயிலுக்குத் தனியாகப் போயிருக்கிறார். மேளச் சத்தம் எனக்கு ஆகாது என்று சொன்னேன். போன வருடம் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்தவள் நான்.

பிப்ரவரி 27, வியாழன்

அக்கா பெயர்ப் பட்டியல் படித்தார். முதல் நட்சத்திரம், கோகிலவாணி. எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் முடிந்தால் போதும் என்று இருந்தது.

நான் இல்லாவிட்டால் யார் இருக்கிறார்கள்? ஒன்பது பேரை வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்வார்? மூன்று மாதமாக எல்லாரும் வேலை, வீடு, பிள்ளை என்று ஆயிரம் இடைஞ்சலுக்கு நடுவில் விடியற்காலையில் வந்து உழைத்திருக்கிறார்கள். நான்கு நாள் கணக்குக்காக அதைக் கெடுப்பது நியாயமா? நான் எனக்காகச் சொல்லவில்லை.

மார்ச் 1, சனி

நன்றாக இருக்கிறேன். தலை தெளிவாக இருக்கிறது. தலை தெளிவாக இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

தோற்றோம். ரிஸ்வானாவுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது.

மார்ச் 3, திங்கள்

லீவு போட்டிருக்கிறேன். நீலத் திரையை இழுத்துவிட்டு, நினைவிருப்பதை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

குடோனில் இருநூறு பேர் இருந்தார்கள். பூபதி முதல் வரிசை. கீழ்வீட்டு அம்மா கூட வந்திருந்தார். முதல் பாதியில் 48-க்கு 41, நாங்கள் முன்னால். அதில் பதினெட்டு என்னுடையது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது ஸ்பீக்கர் சத்தம், மேலே டியூப்லைட் வரிசை, சட்டைகளின் நிறம். அவர்கள் சட்டை கறுப்பு, எங்களுடையது கருநீலம். யார் இப்படி நிறம் தேர்ந்தெடுத்தார்கள்?

இரண்டாம் பாதியில் நான்காவதோ ஐந்தாவதோ முறை. விசில் ஊதியதும் கிளம்பினேன். வளைவில் உள்கோடு இரண்டாகத் தெரிந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருப்பது போல இருந்தது. அதற்குள் முழு வேகத்தில் தோளைக் கொடுத்துப் புகுந்தேன். அங்கே ஒரு முதுகு இருந்தது. ‘தேங்காய் பன்’ என்று எழுதியிருந்த முதுகு. படித்தது நன்றாக நினைவிருக்கிறது. படித்து முடிப்பதற்குள் இடித்துவிட்டேன். அவள் கையை ஊன்றக் கூட நேரமில்லாமல் தோளோடு தரையில் விழுந்தாள். நான் அவள் மேல் விழுந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மெத்தை மேல் விழுந்தது போல விழுந்தேன்.

அவளைத் தூக்கும்போது அக்கா எல்லார் முன்னாலும் கத்தினார். “எத்தன தடவ சொன்னேன், உன் எடம் வெளிப்பக்கம்னு? உள்ள எதுக்குடி வந்த? எடம் மாறி நின்னா இப்படித்தான் ஆவும்!” பதற்றத்தில் கத்தினார். ரிஸ்வானா வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. அக்கா சொன்னது உண்மைதானே. அவள் நிற்க வேண்டிய இடம் அது இல்லை.

பிற்பகல் அக்கா போன் செய்தார். விபத்து எப்படி நடந்தது என்று பாதுகாப்பு நோட்டில் நான்தான் எழுத வேண்டும். “உள்ளத உள்ளபடி எழுதிரு கோகிலா. அவ எடம் மாறி நின்னா, அவ்வளவுதான்” என்றார். சரி என்றேன். எழுத உட்கார்ந்தால் எழுத்து நகர்கிறது. நாளைக்கு எழுதலாம்.

டாக்டரிடம் இன்று போக வேண்டும் என்று பூபதி நினைவுபடுத்தினார். நாளை ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேனே, அங்கேயே காட்டிக்கொள்ளலாம் என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இதற்கு மேல் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் இன்றே.

பூபதிதான் அழைத்துப் போனார். ரிஸ்வானாவுக்குக் காலையில் எலும்பில் பிளேட் வைத்திருந்தார்கள். ஆறு பேர் படுக்கிற அறை. அவளுடைய அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். “நீதானாம்மா கோகிலா? எப்பப் பாத்தாலும் அக்கா, அக்கானு உம்பேச்சுத்தான்” என்று என் கன்னத்தைத் தொட்டார். வாங்கிப் போன பழத்தை அவரிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரிடம், “நீங்கதான் ரிஸ்வானாவோட அம்மாங்களா?” என்று கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார். பூபதி சிரிக்கவில்லை. அந்த அம்மா மருந்து வாங்க வெளியே போகும் வரை பொறுத்திருந்து, கட்டில் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் என் கதையைச் சொல்லிவிட்டார். உப்பு, திரை, வெளிச்சம், எல்லாவற்றையும். நான் நினைத்ததைவிட அதிகம் கவனித்திருக்கிறார்.

டாக்டர் சின்னப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். என் கண்ணில் டார்ச் அடித்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

“தலையில எப்ப அடி பட்டுச்சு?”

“அடியெல்லாம் படலீங்க.”

“பதிமூணாந் தேதிங்க,” என்றாள் ரிஸ்வானா கட்டிலில் இருந்து. “போன மாசம். வியாழக்கெழம, காத்தால ஆறு மணிக்கு முன்னாடி. மல்லாக்க விழுந்தாங்க.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். “நீ பாக்கவே இல்ல. முதுகக் காட்டிட்டு ஒக்காந்திருந்த” என்றேன்.

“சத்தம் கேட்டு ஓடி வந்தேன்க்கா. ஒரு அர நிமிசம் கண்ணு தொறக்கல நீங்க. நான்தான் பெஞ்சுல ஒக்கார வெச்சேன். உங்க பையில இருந்து தண்ணி எடுத்துக் குடுத்தேன். யார்ட்டயும் சொல்லாதன்னீங்க. கொஞ்ச நேரங் கழிச்சு மறுபடியும் அதையே சொன்னீங்க. மூணாந் தடவ கையப் புடிச்சுச் சத்தியம் வாங்கினீங்க.”

எனக்கு அது எதுவுமே நினைவில் இல்லை. அந்த இடத்தில் வெறும் ‘டொக்’ சத்தமும், பிறகு கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும்தான் இருக்கின்றன. என் வாயால் நான் கேட்ட சத்தியத்தை இன்னொருத்தி சொல்லித் தெரிந்துகொள்கிறேன். அறை முழுவதும் சாய்வது போல இருந்தது. பூபதி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அக்காட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றேன். 

“சொல்லலாம்னுதான் அன்னிக்கி உங்களக் கேட்டேன். நட்சத்திரத்துக்கு ஆசப்பட்டுப் பேசறேன்னுட்டீங்க. நீங்களே அப்படிச் சொன்னா மத்தவங்க என்னங்க்கா சொல்லுவாங்க?” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “அதுக்கு முன்னாடியிருந்தே ஒட்டித்தான் நின்னேன். வளைவுல நீங்க உள்பக்கமா சாயறீங்க. விழுந்தா எம்மேல விழுந்துக்கட்டும்னு.”

பயிற்சியில் நான் கத்திய கத்தலெல்லாம் காதில் கேட்டது. அவள் இடம் மாறித்தான் நின்றாள். நான் விழுவதற்காக நின்றாள். அழுகை வந்தது. இரண்டு வருடத்தில் எத்தனையோ இடியை வாங்கியிருக்கிறேன், ஆட்டத்தில் அழுததில்லை. இன்று ஆறு நோயாளிகளுக்கு முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். அசிங்கமாக இருந்தது. நிறுத்த முடியவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை. ஆனால் மூளை நன்றாகக் குலுங்கியிருக்கிறது, குணமாவதற்குள் மறுபடி மறுபடி ஓடி அதைக் குலுக்கியிருக்கிறேன். இரண்டு மாதம் வேலை வேண்டாம், போன் வேண்டாம், படிக்க வேண்டாம், எழுத வேண்டாம். சக்கரம் பற்றி இப்போது கேட்கவே வேண்டாம் என்றார் டாக்டர். நான் கேட்கவில்லை.

மார்ச் 5, புதன்

எழுதக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மூடிவிடுகிறேன்.

கோனியம்மன் தேர். ஒப்பணக்கார வீதிப் பக்கம் வண்டி விடவில்லை. சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி போகப் பதினோரு மணி ஆகிவிட்டது. ஜெசிந்தா அக்காவையும் அங்கே வரச் சொல்லியிருந்தேன். பாதுகாப்பு நோட்டில் நான் காலையில் எழுதிய பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் படிக்க முடியும். அக்கா நின்றுகொண்டே படித்தார். படித்துவிட்டு என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அந்தப் புள்ளைய எல்லார் முன்னாலயும் திட்டினேனே கோகிலா,” என்றார். “ஸ்ட்ரெச்சர்ல படுக்க வெச்சுத் திட்டினேனே.” அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை. ரிஸ்வானாவின் கால்மாட்டில் போய் நின்றுகொண்டார்.

அவளுடைய அம்மாவுக்கு அதுவரை தெரியாது. நேற்று நாங்கள் பேசும்போது அவர் மருந்துக் கடையில் இருந்தார். ரிஸ்வானாவும் சொல்லவில்லை. இன்று எனக்குத் தருவதற்காக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் சொன்னேன். விழுந்தது, மறைத்தது, உங்கள் மகளை இடித்தது நான்தான், அவள் மேல் தப்பில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நாற்பது மன்னிப்புச் சொல்கிற வாய்க்கு இன்று அந்த வார்த்தையே வரவில்லை.

அவர் உரித்த சுளையைத் தட்டிலேயே வைத்தார்.

“எத்தன நாளு மறச்ச?”

“பதினேழு நாளுங்க.”

“பதினேழு நாளு. ஒரு நாளு கூடவா வாய் வரல?” அவர் சத்தம் போடவில்லை. “எம்மவ கல்லாவுல நின்னுதான் எங்க வீடு ஓடுது. உனக்கு ஒரு வெளையாட்டுப் பெருசாப் போச்சா? ஏம்மா மறச்ச?”

அணிக்காக என்று சொல்லலாம். இந்த நோட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். ரிஸ்வானா தலையணையில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா இருந்தார். பூபதி இருந்தார்.

“நான் மூணு வாரம் ஒக்காந்துட்டா, நட்சத்திரம் இவளுக்குப் போயிரும்னு பயந்தேன்,” என்றேன். “போனா திரும்பி வராதுன்னு பயந்தேன்.”

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி இருமினார்.

“ஆமாங்க்கா,” என்றாள் ரிஸ்வானா. “போயிருக்கும். வந்திருக்காது.”